ஆயிரம் வருஷத்துக்கு ஒரு பெட்டி

ஆயிரம் வருஷம் கெடாமல் இருக்கிற பெட்டி எது என்று முடிவு செய்ய, ஸ்ரீரங்கத்துச் சுவடிப் பாதுகாப்புச் சபையின் கமிட்டி மெதுவடையோடு கூடியிருந்தது.

போன கூட்டத்திலும் வடை நன்றாகத்தான் இருந்தது. முடிவுதான் வரவில்லை.

மேஜை நடுவில், பட்டுத் துணியின் மேல், ஒரு ஹார்ட் டிஸ்க். ரங்கம்மா மாமி வீட்டு ஓலைச்சுவடிகள் அத்தனையும் அதற்குள் படமாக இருந்தன. உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத உரைகள்.

இருந்தன என்பதுதான் சரி. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அது திறக்கவில்லை.

அந்த அறையில் இது ஒருவருக்குத்தான் தெரியும். சபையின் மானேஜர் கோபுவுக்கு.

டிஸ்க்கைப் பூஜையில் வைத்ததே அவர்தான். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாக இட்டுவிட்டார். ஒயர் சொருகுகிற வாய்க்குள் அது இறங்கிக் காய்ந்திருந்தது. பூஜை முடிந்து சொருகியபோது விளக்கு ஒரு தரம் சிமிட்டி அணைந்தது. பழைய டிவிக்குச் செய்கிற வைத்தியமாகத் தலையில் ஓங்கித் தட்டினார்.

உள்ளே கறகறவென்று ஏதோ கீறியது. அப்புறம் சத்தமே இல்லை.

பாலக்கரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பரக்கத் அலி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடினார். "உள்ள தட்டே கீறிப்போச்சு சார். சென்னைக்கு அனுப்புனாலும் ஒண்ணும் தேறாது. இன்னொரு காப்பி வச்சிருப்பீங்கல்ல?"

இல்லை. எதில் வைப்பது என்று முடிவாகிற வரை காப்பியே எடுக்கக் கூடாது என்று இதே கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. களவு போய்விடுமாம்.

தலைவர் அனந்தபத்மநாபன் பேசிக்கொண்டிருந்தார். ரிட்டயரான பிறகு அவருக்கு யுகக் கணக்கில்தான் யோசனை வருகிறது. பிரளயம் வரைக்கும் போய்விட்டு அவர் திரும்பி வந்த நேரம் பார்த்து, தென்னூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் முருகானந்தம் குறுக்கே புகுந்தார். பேசாமல் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்றார்.

"அது எங்க இருக்கு முருகானந்தம்? கண்ணால பாக்கலாமோ?" என்றார் தலைவர்.

"மும்பைல இருக்கும், சிங்கப்பூர்லயும் இருக்கும் சார்."

"சமுத்திரம் தாண்டறதா? சுவடிக்கு ஆசாரம் போயிடுமேய்யா."

"போன மாசம் நீங்க நியூஜெர்சி போயிட்டு வந்தீங்களே சார். உங்களுக்கு எதுவும் போகலையே."

சிரிப்பு எழுந்தது. கோபுவும் சிரித்து வைத்தார். யார் டிஸ்க்கைப் பார்த்தாலும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

ஒரே ஒரு சமாதானம் மிச்சமிருந்தது. படம் எடுத்ததும் சுவடிகளை மாமி வீட்டில் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடி வாங்கலாம், மறுபடி படம் எடுக்கலாம். வேலை போகும், மானம் போகும், சுவடி போகாது. இந்த நினைப்பு இல்லாவிட்டால் இத்தனை நாளில் ஒரு வாய்ச் சோறு உள்ளே இறங்கியிருக்காது.

பொன்னாடை போர்த்துவதற்காக ரங்கம்மா மாமியையும் அழைத்திருந்தார்கள். மாமி அடக்கமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கோபு அவர் பக்கம் குனிந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மாமி, அந்தச் சுவடியெல்லாம் இன்னொரு தரம் வேணும். சில படம் இன்னும் தெளிவா எடுக்கணும்."

"அதுக்கு எங்கடா போறது?" என்றார் மாமி, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்துக்கு எடுத்துண்டு போய், காதோலை கருகமணியோட காவேரித் தாயாருக்குச் சமர்ப்பிச்சாச்சே. கொண்டுவந்து குடுக்கறச்சே நீதானே சொன்னே, இனிமே இதுக்கு அழிவே கிடையாது மாமின்னு. அப்புறம் அதை ஆத்துல வச்சுண்டு இருக்கறது எதுக்கு, கரையானுக்கா?"

"பேஷ். பழைய ஏட்டுக்கு அதுதான் முறை" என்றார் தலைவர்.

மாமி கோபுவின் முகத்தைப் பார்த்தார். "ஏன்டா, உள்ள எல்லாம் பத்திரமா இருக்கோல்லியோ?"

"இருக்கு மாமி."

அந்த இரண்டு வார்த்தையில் கமிட்டிக்குப் பெரிய தெளிவு பிறந்துவிட்டது. கிளவுடும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், நம்பிக்கையான மனுஷன் ஒருத்தன் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்றார் தலைவர். டிஸ்க் கோபுவின் பொறுப்பிலேயே இருக்கட்டும். முருகானந்தம்கூடக் கை தூக்கினார்.

சபை தொடங்கிய நாளிலிருந்து ஏகமனதாக எடுத்த முதல் முடிவு அது.

மாமி டிஸ்க்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீட்டினார்.

கோபு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.