திறக்காத வெள்ளை

அன்று மேசையில் இருந்தவர்கள்: தூரிகை, தண்ணீர்க் குவளை, நசுங்கிய நீலக் குழாய், ஒருமுறைகூடத் திறக்காத வெள்ளைக் குழாய், கண்காட்சிக்குப் போகவேண்டிய பத்து நீர்வண்ண ஓவியங்கள்.

"ஒரு படத்திலாவது நான் இருக்க வேண்டாமா?" என்றது வெள்ளை.

நீலம் சிரித்தது. "நிலாவுக்கே வெறும் காகிதத்தை விட்டுவைக்கிறார் ஓவியர். உன்னை எதற்குத் தேடப்போகிறார், அக்கா?"

அப்போது ஓவியர் எடுத்த தூரிகையிலிருந்து ஒரு நீலச் சொட்டு பத்தாவது படத்தின் நிலாவில் விழுந்தது. அவர் பதறிப்போய் வெள்ளையை எடுத்து மூடியைத் திருகினார். வெள்ளைக்கு நெஞ்சு நிறைந்தது.

அவர் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"வா அக்கா, வா!" என்று கெஞ்சியது நீலம்.

வெள்ளை எப்போதோ உள்ளேயே காய்ந்து கல்லாகியிருந்தது.

ஒன்பது படங்கள் வண்டியேறின. போக ஆசைப்பட்டு மிஞ்சியவர்கள், கறைபட்ட நிலாவும் வெள்ளையும், ஆக இரண்டு பேர்.