நிற்கிற டிக்கெட்

“டிக்கெட் யாருக்கு, பெரிப்பா?”

“எனக்குத்தான்.”

குரு கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிரே தொண்டூர் விநாயகம் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவர் விரித்து வைத்திருந்த படத்தில், தலைமுடியைப் பரப்பிப் போட்ட நாலு வெள்ளைக்காரர்கள் கிடாருடன் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இவங்க ராக் பேண்டு பெரிப்பா. ஒரே சத்தமா இருக்கும்.”

“தெரியும். சிங்கப்பூருக்கு வராங்களாமே. அதுக்கு ஒண்ணு, பிளேனுக்கு ஒண்ணு. ரெண்டையும் நீயே போட்டுக் குடு.”

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குரு டிராவல்ஸ் ஆபீஸ் திறந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. அவனும் ஊருக்குப் புதுசு. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேன் கேட்டு வருகிற வயதில் ஒருவர் இப்படிக் கேட்டது அவனுக்குச் சிரிப்பாக இருந்தது.

“இவங்க பாட்டுல எது பெரிப்பா உங்களுக்குப் புடிக்கும்?”

“எனக்கு இன்னா தெரியும்? எம்பொண்ணு மோனிகாவுக்குத்தான் உசுரு. காலேஜ் படிக்கச்சொல்ல காதுல மாட்டுனா கழட்டவே மாட்டா. ‘ஒரு தபாவாவது இவங்கள நேர்ல பாத்துடணும் நைனா’ன்னு சொல்லிக்கினே இருப்பா.”

“அப்ப அவங்களையும் கூட்டிக்கினு போலாமே?”

விநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி ஏழு வருசமாவுது. தோ, இந்த பஸ் ஸ்டாண்டு செவுத்துலதான்.”

குருவின் சிரிப்பு நின்றது. “ஐயோ... எப்டி பெரிப்பா?”

“ஒரு பையன். பைக்குல கூட்டிக்கினு போனான். அதோட போச்சு.”

“ஒருத்தனும் ஹெல்மெட் போடறதில்ல, கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறானுங்க.” குரு தலையை ஆட்டிக்கொண்டான். விநாயகம் படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“மேடைக்கு முன்னால நின்னுக்கினு பாக்கற எடம் இருக்காமே, அதுல போடு.”

“மூணு மணி நேரம் நிக்கணும் பெரிப்பா. ஒக்கார்ற சீட்டு போடட்டா?”

“வேணாம். மோனிகா ஒக்காந்து பாக்க மாட்டா.”

குரு நிற்கிற டிக்கெட்டையே போட்டான்.

கிளம்புகிற அன்று மனைவி ரஞ்சிதம் ஒரு டப்பா நிறைய அதிரசம் அடுக்கிக் கொடுத்தாள். “சக்கரைக்காரருக்கு எதுக்கு அத்தே அதிரசம்?” என்றாள் பக்கத்து வீட்டு வளர்மதி. ரஞ்சிதம் அது காதில் விழாதவள்போல டப்பாவைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். புருஷனிடம், “நல்லா பாத்துட்டு வா” என்று மட்டும் சொன்னாள்.

சிங்கப்பூரில் அரங்க வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். காவலுக்கு நின்றவர் தமிழர்தான். “வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது அண்ணே.”

“ஊட்ல செஞ்சதுப்பா. நான் சாப்புட இல்ல.”

“பின்னே எதுக்கு?”

விநாயகம் துணி முடிச்சை ஒருமுறை தடவிவிட்டு டப்பாவை நீட்டினார். டப்பா குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

உள்ளே விளக்குகள் அணைந்தன. குவாரியில் வெடி வைத்த மாதிரி முதல் பாட்டு கிளம்பியது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான பேரும் கையைத் தூக்கிக் குதித்தார்கள். விநாயகம் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பக்கத்திலிருந்த சீனப் பையன் பாவம் பார்த்து அவர் தோளைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பிவிட்டான். விநாயகம் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் திரும்பிக்கொண்டார்.

பாட்டு மேல் பாட்டாகப் போயிற்று. கால் மரத்துப்போனது. மேடை வெளிச்சம் கூட்டத்தின்மேல் சுழன்று வரும்போதெல்லாம் அவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

கடைசியில் அந்த வெளிச்சம் கம்பித் தடுப்பை ஒட்டி நின்ற ஒரு பெண்ணின்மேல் விழுந்தது. கறுப்பு பனியன் போட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டு, பாட்டோடு பாடிக்கொண்டிருந்தாள். விநாயகம் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றார்.

“மோனி!”

அவள் கண்ணைத் திறந்தாள். பாட்டு வாயிலேயே நின்றுபோனது. பக்கத்தில் நின்ற அன்புச்செல்வன் சட்டென்று முன்னால் வந்து அவளை மறைத்தான்.

அன்புச்செல்வனும் தொண்டூர்தான், ஆனால் தெரு வேறு. அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டியவன் அவன்தான். மறுநாள் காலையிலேயே போஸ்டர் அடித்து ஒட்டச் சொன்னவர் விநாயகம். இத்தனை வருடம் கழித்து, ரஞ்சிதம் மகளோடு ரகசியமாகப் போனில் பேசுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான், அவள் இங்கே வரப்போவது அவருக்குத் தெரிந்தது.

“நைனா வந்துருக்கேம்மா!” அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினார். “ஒன்னப் பாக்கத்தாம்மா வந்தேன். மோனிகா... ஒரு வார்த்த பேசும்மா!”

அவள் கணவனின் கையை மெல்ல விலக்கினாள். அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, சொல்வது நன்றாகக் கேட்கவேண்டும் என்பதுபோல அவர் காதருகே குனிந்தாள்.

“மோனிகாவா? அவ செத்துட்டாளே, அங்கிள்.”