அணுக்கருவின் காய்ச்சல்

தெறித்து வரும் துகள்களை எண்ணும் பெட்டி, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். இரண்டு கனமான அணுக்கருக்கள் மோதி ஒன்றாகும்போது அந்தப் புதுக் கரு எவ்வளவு சூடு என்று அவள்தான் சொல்ல வேண்டும். தவறினால் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

"நாக்குக்கு அடியில வைக்காம என்னடி காய்ச்சல் பார்க்கப் போறே?" என்று பக்கத்திலிருந்த தெர்மாமீட்டர் கேலி செய்தது.

"தொடுறதுக்குள்ள அது ஆறிடும் அண்ணே. உள்ளேயிருந்து தெறிச்சு வர்றவங்க வேகத்தை வச்சுத்தான் சூடு சொல்லணும்."

மோதல் நடந்தது. பாய்ந்து வந்த கரு போகும் திசையில், முன்பக்கம் உட்கார்ந்திருந்த அவள்மேல் ஒரு புரோட்டான் தடாலென்று வந்து விழுந்தான்.

"அக்கா, உள்ளே எரிமலைதான்! என் வேகத்தைப் பார்த்தியா?"

பெரிய எண்ணாகச் சொல்ல அவள் வாயெடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று, "உள்ளே எவ்வளவு நேரம் இருந்தே?" என்று கேட்டாள்.

"எங்கே இருந்தேன்? ரெண்டும் ஒண்ணாகுறதுக்கு முன்னாடியே, முதல் இடியில முன்பக்கமாத் தூக்கி எறிஞ்சுட்டாங்களே!"

அவனுக்குப் பின்னால் வந்தவர்களிலும் பாதிப் பேர் அப்படி அடிபட்டு முன்பக்கமாகவே பறந்தவர்கள்தான். உள்ளேயே இருந்து வெந்து கிளம்பியவர்களோ எல்லாப் பக்கமும் போனார்கள்.

அடுத்த மோதலுக்கு முன் அவள் இடத்தைக் காலி செய்துகொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அங்கே யாரடி வருவாங்க?" என்றது தெர்மாமீட்டர்.

"கொஞ்சப் பேர்தான் அண்ணே. ஆனா வர்றவங்க எல்லாம் உள்ளே வெந்தவங்களா இருப்பாங்க," என்று சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.