கூரை நிலை

பெட்டியைப் பிரித்ததுதான் தாமதம், தெர்மாகோல் மணிகள் கூடமெங்கும் பறந்தன.

"ஏனுங்க, மொதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க."

கணவர் குழந்தைவேல் நிறுத்திவிட்டு வந்து அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி இருவரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

எண்ணெய்த் தாளை விலக்கினாள்.

வாள்.

அட, நிஜமாகவே வாள்!

ஐரோப்பாக்காரன் ஒரு காலத்தில் இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிய ரகம். அதைப் பார்த்து இப்போது செய்தது. விளிம்பு மழுங்கல்தான், வெண்டைக்காய்கூட நறுக்காது. ஆனால் சுவரில் மாட்டி அழகு பார்க்கிற தகரம் இல்லை. முழு எஃகு. இன்னொரு வாளோடு மோதினாலும் தாங்கும்.

செல்போனில் ஆயிரம் தடவை பார்த்த படம் வேறு, இது வேறு. ஜன்னல் வெளிச்சம் பிடியில் ஏறி நுனிவரை ஓடியது. நடுவில் நீளமாக ஒரு பள்ளம். அதற்குள் அவள் முகம் கோடாகத் தெரிந்தது.

இதுவா என்னுடையது?

கல்யாணத்தில் நகை போட்டபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை.

வலது மார்பை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டி போயிற்று. கூடவே கையும் பாதி போயிற்று. தோளுக்கு மேல் எழும்பாது. கொடியில் துணி போட முடியாது. தலை பின்ன முடியாது.

பிசியோதெரபிக்காரப் பெண் சுவரில் விரலை நடத்தச் சொன்னாள். வீட்டில் தினமும் காலையில் இவள் நடத்துவாள். குழந்தைவேல் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். விரல் நிற்கிற இடத்தில், "அப்படியே புடி" என்பார். கோடு போடுவார்.

கோடுகள் எல்லாம் காலண்டர் ஆணிக்குக் கீழேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆணியைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

"இனி இவ்ளோதாங்க மேடம்" என்று அந்தப் பெண்ணே ஒரு நாள் சொல்லிவிட்டாள். அன்று இவள் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நடக்கப் போன பூங்காவில்தான் வாள்காரர்களைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பாதிப்பேர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். வேடிக்கை பார்த்தவள் கையில் ஒரு மர வாளைத் திணித்துவிட்டார்கள். நிற்கிற நிலைகளுக்கு ஜெர்மன்காரன் வைத்த பெயர்களைத் தமிழில் சொல்வது அங்கே வழக்கம். ஏர் நிலை. ஏமாளி நிலை. கூரை நிலை.

ஏர் பிடித்தாள். ஏமாளியாக நின்றாள், அது அவளுக்குப் பழக்கம்தான்.

கூரை மட்டும் வரவில்லை. கூரைக்கு இரண்டு கையும் தலைக்கு மேல் போக வேண்டும். நுனி வானத்தைப் பார்க்க வேண்டும்.

கூரையே வராதவளுக்கு வாள் எதற்காம்? அக்கா கேட்டாள். பக்கத்து வீடு கேட்டது. கூரியர்காரர்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். குழந்தைவேல் மட்டும் கேட்கவில்லை.

இப்போது அவர்தான் வாளைப் பெட்டியிலிருந்து தூக்கினார். திறந்த வாயை மூட மறந்திருந்தார். அவள் ஆவலாகக் கை நீட்டினாள்.

அவர் பாயில் வைத்தார்.

"கையில குடுக்கக்கூடாது அம்மணி. சண்டை வரும். நீயே எடுத்துக்க."

அந்த வீட்டில் அரிவாள்மனைக்கும் இதே மரியாதைதான்.

"ஆமா, நாம சண்டை போடாத நாள் ஏதுங்க?"

எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மேல ஃபேன் இருக்குது, பாத்து."

"என்ற கை போற ஒசரத்துக்கு ஃபேன் எங்கீங்க எட்டப்போகுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

கனக்கும் என்று நினைத்திருந்தாள். கனக்கவில்லை. மர வாள் எப்போதும் முன்னால் இழுக்கும். இது இழுக்கவில்லை, கனமெல்லாம் கைக்குப் பக்கத்திலேயே அடக்கமாக இருந்தது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏர்.

ஏமாளி.

நுனியில் வெளிச்சம் ஒரு புள்ளியாக நின்றது. அதையே பார்த்தாள். புள்ளி நகர்ந்தது. முகத்துக்கு நேரே வந்தது. மேலே போனது. கண்ணும் கூடவே போனது. என்ன அழகு! அடி ஆத்தா, என்ன அழகு!

கை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனாள்.

டங்!

ஃபேன் இறக்கை அதிர்ந்து, அரைச் சுற்று சுற்றி நின்றது. ஓரத்தில் ஒரு நசுங்கல். போன மாதம் மாட்டிய ஃபேன்.

அப்போதுதான் தோளில் சுரீரென்றது.

போச்சு. கையில் கொடுக்காமலேயே சண்டை வந்தாயிற்று.

குழந்தைவேல் நசுங்கலைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். வாள் வழியாகவே இறங்கி வந்து, அவள் தலைக்கு மேலே இருந்த முழங்கையைப் பார்த்தார். சமையலறைக்குள் போனார்.

உள்ளே ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம்.

வாளை இறக்கப் போனாள்.

ஸ்டூலோடு வந்தார். காதில் பென்சில் இருந்தது.

"அப்படியே புடி" என்றார். காலண்டர் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.