ஹார்டு டயர்

பொழிச்சலூர் மாடி வீட்டில் மாலை வெயில் சாப்பாட்டு மேஜை வரை வந்து, அதில் இறுக்கி வைத்திருக்கும் கேம் ஸ்டியரிங் மேல் ஏறி நிற்கிறது. தலைக்கு மேல் விமானம் இறங்க, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஜமீருக்கு அது கேட்பதில்லை; ஹெட்போனுக்குள் ஆன்லைன் ரேஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது. போன வருஷம் வரை அதில் உட்கார்ந்து, "மச்சான், டயர் போச்சு, உள்ள வாடா" என்று கத்தியவன் கேஷவ். இப்போது பெரிய டீமில் சேர்ந்துவிட்டான். இதே பந்தயத்தில் சிவப்புக் காரில் முன்னால் பறக்கிறான்.

"ஜமீர் அண்ணா, எல்லாரும் சாஃப்ட் டயரு, நீங்க மட்டும் ஹார்டா? மாட்டு வண்டி கூட உங்கள முந்திடும்," என்கிறது ஹெட்போனில் யாரோ ஒரு பையனின் குரல்.

"முந்தட்டும்பா," என்று சிரிக்கிறான் ஜமீர். கணக்கு அவனுக்குத்தான் தெரியும். வேகமான சாஃப்ட் டயர் பாதியில் தேயும். மாற்றுவதற்குக் கேஷவ் பாதையை விட்டு பிட்டுக்குள் போய் நின்றாக வேண்டும். ஹார்டு டயர் மெதுவாகவே ஓடினாலும் நிற்காமல் ஓடி, அவன் வெளியே வரும்போது பக்கத்தில் இருக்கும். காரும் இருவரும் சேர்ந்து ஓட்டிய பழைய மஞ்சள் கார். அதைப் பார்த்தால் கேஷவிடமிருந்து ஒரு 'மச்சான்' வராமலா போகும்?

கணக்கு தப்பவில்லை. சிவப்பும் மஞ்சளும் தோளோடு தோள் உரசி இரண்டு வளைவுகள் சேர்ந்தே போகின்றன. மூன்றாவதில் ஜமீர் தானாகவே ஒதுங்கி வழி விடுகிறான். பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவாகக் கேஷவின் குரல் வருகிறது.

"தேங்க்ஸ் ப்ரோ."

சிவப்புக் கார் புள்ளியாகி மறைகிறது. ஹார்டு டயர் இன்னும் தேயவில்லை. மீதிப் பந்தயம் முழுக்க எங்கும் நிற்காமல் ஓடும்.