சட்டைப்பைக் கற்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது என் ஓர்ப்படி ஜலஜா. எண்பத்தாறு மே மாதம், பஹ்ரைனிலிருந்து லீவில் வந்திருந்தாள்.

அவள் கணவர் அனந்தகிருஷ்ணனின் கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை வேன் ஏற்பாடு செய்தார்கள். பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் பழைய பகுதியில் யூதர்கள் வாழ்ந்த இடங்களை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க. வண்டி ஓட்டுவது, இடம் காட்டுவது இரண்டும் டிரைவர் சுஐபு. கீழக்கரைக்காரர்.

கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஜெபக்கூடத்தைக் காட்டினார். காட்டிவிட்டுக் குனிந்து, ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பழைய துணிக்கடை ஒன்றின் வாசலில் இன்னொன்று. சந்துக்குள் இருந்த ஒரு வீட்டு வாசலில் மூன்றாவது.

ஜலஜாவுக்குச் சுருக்கென்றது.

"ஏன்னா, பாத்தேளா? அடுத்தது அவாளோட கல்லறைக்குப் போறோம். இவன் கல்லு பொறுக்கறான்."

"ரேடியோல தினம் லெபனான்ல இஸ்ரேல் போடற சண்டையைத்தானே கேக்கறான். அந்தக் கோபமா இருக்கும்."

கல்லறைத் தோட்டத்து வாசலில் அனந்தகிருஷ்ணன் கையை நீட்டி மறித்தார்.

"சுஐபு, நீ உள்ளே வராதே. இங்கேயே நில்லு."

"சார், அஞ்சே நிமிஷம். நான் சொல்றதை..."

"கலாஸ், போதும்! ஒண்ணும் சொல்ல வேண்டாம். பையில என்ன இருக்குன்னு பாத்தாச்சு. நாளைக்கு மேனேஜர்ட்ட சொல்றேன். அப்புறம் வேலையும் கிடையாது, விசாவும் கிடையாது."

சுஐபு வேன் நிழலில் போய் நின்றார்.

உள்ளே, ஹபீபா என்று ஆங்கிலத்தில் பெயர் வெட்டிய ஒரே ஒரு கல்லறைமேல் மட்டும் சிறு கற்கள் குவிந்து கிடந்தன.

"பாருங்கோ, முன்னாடியே எறிஞ்சிருக்கான்! பாவம், யார் பெத்த பொண்ணோ!"

கோயில் பிராகாரம் பெருக்கிய கை சும்மா இருக்குமா? புடவைத் தலைப்பால் அத்தனையையும் துடைத்துத் தள்ளினாள் ஜலஜா. கண்ணை மூடி ஒரு ஸ்லோகமும் சொன்னாள்.

காவல்காரக் கிழவர் ஓடி வந்தார். உடைந்த இந்தியில் கத்தினார்.

"ஐயோ, என்ன பண்ணிட்டீங்க! இவங்க வழக்கத்துல பூ வைக்கறதில்லை. பாக்க வந்தவங்க ஒரு கல்லு வச்சிட்டுப் போவாங்க. ஹபீபாம்மா பிள்ளைகள் எல்லாரும் லண்டன் போயாச்சு. அவங்க கடையில வேலை பாத்த சுஐபு பாய்தான் ரெண்டு வருஷமா மாசம் தவறாம வர்றார். அவங்க வீடு, கடை, ஜெபக்கூடம், மூணு வாசல்லேருந்தும் ஒவ்வொரு கல்லு கொண்டாந்து வைக்கிறார்!"



அனந்தகிருஷ்ணன் தாமே போய் சுஐபை அழைத்து வந்தார்.

சுஐபு வெறுமையாகக் கிடந்த கல்லறையைப் பார்த்தார். கீழே சிதறிய கற்களைப் பார்த்தார். ஜலஜாவின் தலைப்பில் அப்பியிருந்த புழுதியையும் பார்த்தார்.

"சுஐபு... அது வந்து... நான்தான்..."

"விடுங்கம்மா. இந்த ஊர்க் காத்து அப்படி. எல்லாத்தையும் தள்ளிட்டுப் போயிடும்."

பையிலிருந்த மூன்று கற்களையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தத் தடவை நீங்க வைங்கம்மா."

இன்றைக்கு விளக்கேற்றும்போது, சுஐபுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.