கட்சி மாறிய நேயர்கள்

"அஞ்சு போன் கால்... அஞ்சே அஞ்சு கால். இன்னைக்கு நாலு மணிக்குள்ள வரலேன்னா நிகழ்ச்சியை மூடிடறேன்னு முதலாளி சொல்லிட்டார். என் மானம் உங்க கையிலதான் இருக்கு," என்று மைக்கிடம் கெஞ்சினார் கேப்டன்.

உள்ளூர் வானொலியில் இருபத்திரண்டு வருடமாகக் கால்பந்து பேசுகிறவர். கேப்டன் என்பது நேயர்கள் வைத்த பெயர். இப்போது தெருவுக்கு நாலு பேர் செல்போனில் சேனல் வைத்துக் கால்பந்து பேசுகிறார்கள். தன் பழைய நேயர்களை அவர்கள்தான் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவர் கணக்கு. "கட்சி மாறிட்டானுங்க," என்று கறுவாமல் ஒரு வேளை சோறு இறங்காது.

வழக்கமாக போனைக் கவனித்துக்கொள்ளும் தங்கை இன்று ஸ்டுடியோவில் இல்லை. முகவரி நோட்டை எடுத்துக்கொண்டு, பழைய நேயர்களை வீடு வீடாகப் பார்த்துக் கூப்பிடச் சொல்லப் போயிருந்தாள்.

மூன்றே காலுக்குப் போனில் முதல் அழைப்பு விளக்கு எரிந்தது.

"கேப்டன், தபால்காரர் பேசறேன்."

கேப்டன் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "எத்தனை வருஷமாச்சுங்க. முட்டி வலி எப்படி இருக்கு?"

"அது போயே போச்சு. இப்பல்லாம் தினமும் ஆடறேன்."

ரேடியோ சத்தத்தைக் குறைங்க என்று நேயர்களிடம் சொல்லிச் சொல்லியே அவருக்கு வாய் வலிக்கும். இன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. லைன் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

அடுத்துக் கணக்கு டீச்சர். அப்புறம் ரொட்டிக்கடைக்காரர். நாலாவதாக, ரெஃப்ரிகளைத் திட்டியே பெயர் வாங்கிய 'சிவப்பு அட்டை'.

"அந்த ரெஃப்ரியும் இங்கதான் இருக்கார் கேப்டன். ராசியாயிட்டோம்."

"நீங்களா? நம்பவே முடியலையே."

"இங்க வந்தப்புறம் எதுக்குங்க சண்டை."

இங்க என்றால் எங்கே? கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஐந்தாவது விளக்கு எரிந்துவிட்டது. நாலு மணிக்கு இன்னும் இரண்டே நிமிடம்.

"பால்காரர் பேசறேன். நல்ல கிரவுண்டு, கூட்டம் நிரம்பி வழியுது. வர்ணனை பண்ணத்தான் ஆள் இல்ல. நீங்க வந்துடறீங்களா?"

நிகழ்ச்சி பிழைத்தது, போதாததற்குப் புது வேலையும். கேப்டனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நாளைக்கு முதல் விசிலுக்கு அங்க நிப்பேன். இது கேப்டனோட வாக்கு," என்றார், ஊர் முழுக்கக் கேட்க.

மைக்கை அணைத்ததும் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"சாதிச்சுட்டம்மா. நீ போய்ச் சொன்ன உடனே தபால்காரர், டீச்சர், ரொட்டிக்கடை, சிவப்பு அட்டை, பால்காரர்னு அஞ்சு பேரும் கூப்பிட்டுட்டாங்க."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அஞ்சு வீட்டுக்கும்தாண்ணா போயிட்டு வரேன். ஒருத்தரும் கட்சி மாறல. எல்லாரும் போய்ச் சேர்ந்தே வருஷக்கணக்காச்சு."